நார்டிக் நகர வடிவ ஆய்வு: தனி மரபா, கடன் வாங்கிய சரக்கா?

கேள்வி – 12 ஜனவரி 2024

நகர வடிவவியல் (ஓர் ஊரின் தெரு, மனை, கட்டடம் ஆகியவற்றின் வடிவம் எப்படி உருவாகி மாறுகிறது என்ற ஆய்வு) பற்றி எந்தப் பாடநூலைத் திறந்தாலும் மூன்று ஆய்வுப் பள்ளிகளே வருகின்றன: பிரிட்டனில் புவியியலாளர் கான்சன் வழி, இத்தாலியில் கட்டடக் கலைஞர்கள் முராத்தோரி, கனிஜ்ஜா வழி, பிரான்சில் வெர்சாய் வழி. ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து ஆகியவை இந்த ஆட்டத்தில் உப்புக்குச் சப்பாணிகள் என்பது என் கருத்து. பிறர் செய்த கருவிகளை வாங்கித் தங்கள் ஊர்களில் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான். இல்லை என்பவர் ஆதாரத்தோடு மறுக்கலாம்.

12 ஜனவரி 2024, இரவு

மறுக்கத்தான் உட்கார்ந்தேன், பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. "நகர வடிவவியல்" என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கி ஆங்கிலத்தில் வந்த பழைய ஆய்வுகளுள் ஒன்று ஸ்வீடன் நகரங்களைப் பற்றியது. மேலாரன் ஏரிப் பள்ளத்தாக்கின் ஊர்களை ஆராய்ந்து அதை 1928-இல் வெளியிட்டவர் ஜான் லெய்லி. அவரோ கலிபோர்னியாவின் பெர்க்லியைச் சேர்ந்த புவியியலாளர். கான்சன் தம் புகழ்பெற்ற அன்னிக் நகர ஆய்வை வெளியிட்டது 1960-இல். ஆக, 32 ஆண்டுகள் முந்தியே ஊர் வடக்கினுடையதாக இருந்திருக்கிறது, கை மட்டும் வெளியூர்க்காரருடையது.

ஆனால் ஒரு வெளியூர்க்காரர் வந்து ஓர் ஊரின் தெரு வடிவத்தை நூற்றாண்டு நூற்றாண்டாகப் பின்னோக்கிப் படிக்க வேண்டுமென்றால் அவருக்கு வரைபடம் வேண்டும். ஸ்வீடனில் அது கிடைக்கும். மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் 1628-இல் ஆண்டர்ஸ் பூரே என்பவரிடம் நாட்டை அளக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அன்று தொடங்கிய நில அளவைத் துறை இன்றும் இயங்குகிறது. வரி விதிக்கவும் படை திரட்டவும் செய்த வேலை அது. அழகியலுக்கும் கோட்பாட்டுக்கும் அங்கே இடமே இல்லை. என் ஐயம் இதுதான்: வடக்கில் மரபு என்று ஒன்று இருந்தால் அதைப் பேராசிரியர்களிடம் தேடக்கூடாது, பழைய அலுவலகக் கட்டுகளில் தேட வேண்டும். நாளை தொடர்கிறேன்.

13 ஜனவரி 2024

வரைபடத்தைச் சொன்னேன், தீயைச் சொல்லவில்லை. மரத்தால் கட்டிய ஊர்கள் எரியும். எரிந்த பிறகு யாராவது ஒருவர் அளவுகோலுடன் வருவார். ஸ்டாக்ஹோமின் பழைய நகரத் தீவில் 1625-இல் தென்மேற்குப் பகுதி எரிந்தது. அந்த இடத்தில் ஸ்தோரா நீகாத்தன், லில்லா நீகாத்தன் என்று இரண்டு நேர்த்தெருக்கள் போடப்பட்டன. அதே தீவின் மறுபக்கத்தில் மோர்தன் த்ரோட்ஸிக் சந்து 90 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருங்குகிறது. ஒரு தெருவிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தாலே எது தீயால் வந்த வடிவம், எது தீக்குத் தப்பிய வடிவம் என்று காலுக்குத் தெரியும்.

நான் வசிப்பது நார்வேயின் த்ரோண்ட்ஹைமில். இங்கே 1681 ஏப்ரலில் பெருந்தீ. மன்னர் அனுப்பிய லக்சம்பர்க் நாட்டவரான யோகான் காஸ்பர் த சிசிஞோன் என்ற படை அதிகாரி புதிய திட்டத்தை வரைந்தார். மூங்கெகாத்தா என்ற தெருவின் ஒரு முனையில் நிதாரோஸ் பேராலயம், மறுமுனையில் கடலுக்குள் மூங்ஹோல்மன் தீவு. இரண்டையும் ஒரே பார்வைக் கோட்டில் கட்டிவைத்தார். தெரு அத்தனை அகலமாக இருப்பதற்குப் பகட்டு ஒரு காரணம், தீப்பொறி தாண்டக்கூடாது என்பது மற்றொரு காரணம்.

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பெருந்தெருவிலிருந்து விலகி ஒரு வெய்த்தாவுக்குள் புகுந்தேன். வெய்த்தா என்பது இவ்வூரார் முடுக்குச் சந்துக்குச் சொல்லும் பெயர். சிசிஞோன் கோடு போட்ட பிறகும் இடைக்காலச் சந்துகள் சில அவருடைய பெரிய தெருக்கட்டங்களுக்கு நடுவே பிழைத்துக்கொண்டன. லேசர் அளவியை எடுத்து ஒரு சுவரிலிருந்து எதிர்ப்பக்கம் வரை அளந்தேன்: 4 மீட்டர் 10. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, வீடு வாங்கப் போகிறீர்களா என்று கேட்டார்.

14 ஜனவரி 2024

"தீப்பிடிப்பதெல்லாம் ஒரு ஆய்வு மரபா?" என்று கேள்வியாளர் கேட்டிருக்கிறார். தீப்பிடிப்பது மரபாகாது. தீப்பிடித்ததை வைத்துக் காலத்தைக் கணிப்பது மரபு. நார்வேயின் பெர்கன் நகரைப் பற்றி எழுதுகிறேன், சற்றுப் பொறுங்கள்.

19 ஜனவரி 2024

பெர்கன் துறைமுகத்தின் பிரிக்கன் பகுதியில் 1955 ஜூலையில் தீ விபத்து ஏற்பட்டு வடபகுதிக் கட்டடங்கள் அழிந்தன. அந்த வெறும் மனைகளில் அஸ்பியோர்ன் ஹெர்தெய்க் தலைமையில் தொடங்கிய அகழாய்வு 1968 வரை நடந்தது. அவர்கள் செய்தது எளிமையானது, அதனாலேயே வலிமையானது. மண்ணில் கரிப்படலம் ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறது. எழுத்து ஆவணங்களில் 1198, 1248, 1476, 1702 என்று பெருந்தீக்களின் ஆண்டுகள் இருக்கின்றன. கரிப்படலத்தை ஆண்டோடு பொருத்தினால் இரண்டு படலங்களுக்கு நடுவே கிடைக்கும் வீடு, படகுத்துறை, செருப்பு, சீப்பு அனைத்துக்கும் காலம் கிடைத்துவிடுகிறது.

இதில் நகர வடிவத்துக்கு என்ன? ஒவ்வொரு படலத்துக்கு மேலும் புதிய மனை எல்லை வரும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அங்கே வந்ததோ பெரும்பாலும் பழைய எல்லையே. கரையிலிருந்து உள்நோக்கி நீளும் குறுகிய மனை, இருபுறமும் மர வீட்டு வரிசை, நடுவே பலகை பாவிய நடை. 1702-க்குப் பிறகு கட்டியதும் இதே ஒழுங்கில்தான். இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் அந்தச் சாய்ந்த மரவீடுகள் வயதில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிள்ளைகள். வடிவத்தில் அவை இடைக்காலத்தவை. தெருமுனையில் தொடங்கிக் கொல்லை வரை ஓடும் மனை கட்டடத்தைவிட நீண்ட ஆயுள் உடையது என்று கான்சன் ஓர் ஆங்கிலச் சிற்றூரின் வரைபடத்தில் காட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஹெர்தெய்க்கின் ஆட்கள் அதை மண்வெட்டியால் காட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் படித்தார்களா என்பதைவிட, இரு வேறு வழிகளில் ஒரே இடத்துக்கு வந்தார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

ஓர் எச்சரிக்கை: கரிப்படலத்துக்கு ஆண்டைப் பொருத்துவதில் சுற்றிவளைத்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள இடமுண்டு. எந்தப் படலம் எந்தத் தீ என்று முடிவுகட்டிவிட்டு, அதை வைத்துப் பானையின் காலத்தைச் சொல்லி, பிறகு அந்தப் பானையை வைத்தே படலத்தின் காலத்தை உறுதிசெய்வது எளிது. மர வளையக் கணிப்பு போன்ற தனிச் சான்று அருகில் இருந்தால் மட்டுமே தூக்கம் வரும்.

ஸ்வீடனில் இதன் உறவுக்காரர் ஒருவர் உண்டு. 1960-களில் நகர மையங்களை இடித்துப் புதிதாகக் கட்டியபோது இடைக்கால மண்ணும் லாரியில் ஏறிப் போய்விட்டது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1976-இல் தேசிய மரபுச் சின்னத் துறை "இடைக்கால நகரம்" என்ற திட்டத்தைத் தொடங்கி ஊருக்கு ஓர் அறிக்கை என்று எழுதத் தொடங்கியது: எங்கே தோண்டப்பட்டிருக்கிறது, எங்கே இன்னும் மண் மிச்சம் இருக்கிறது, பழைய தெரு எது. தொலைந்ததற்குக் கணக்கு எழுதும்போது பிறந்த புலமை அது.

21 ஜனவரி 2024

விதிகளை விட்டுவிட்டேன். ஸ்வீடனின் 1874 நகரக் கட்டட விதித்தொகுப்பின் பின்னால் இருந்தவர் ஆல்பர்ட் லிந்த்ஹாகன். தெருவுக்குக் குறைந்தது 18 மீட்டர் அகலம், மரவீட்டு ஊர்களைக் குறுக்கே வெட்டும் மரவரிசைப் பெருந்தெருக்கள் என்று அது கேட்டது. மரம் நடுவது நிழலுக்காக என்று நினைத்துவிட வேண்டாம். இலையடர்ந்த மரம் பறக்கும் தணலைத் தடுக்கும் என்பது கணக்கு. 1888 ஜூன் 25-ஆம் நாள், ஒரே நாளில், உமேயோவும் சுந்த்ஸ்வாலும் எரிந்தன. உமேயோ தெருநெடுகப் பிர்ச் மரம் நட்டு இன்றும் "பிர்ச் மரங்களின் நகரம்" என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. சுந்த்ஸ்வால் கல்லுக்கு மாறி அதன் மையப்பகுதியே "கல் நகரம்" என்று பெயர் பெற்றது. ஒரே நாளின் தீ, ஒரே விதித்தொகுப்பு, இரண்டு வேறு ஊர்கள். விதியைப் படித்தால் மட்டும் வடிவம் புரிந்துவிடும் என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த இரண்டு ஊர்களைத்தான் காட்டுவேன்.

இதைவிட வேடிக்கை கோத்தன்பர்க்கில். மரவீடு இரண்டு மாடிக்கு மேல் போகக்கூடாது என்று விதி. அப்படியானால் கீழ்த்தளத்தைச் செங்கல்லில் கட்டி, அதன்மேல் இரண்டு மரத்தளம் ஏற்றினால்? மரவீடு இரண்டு தளம்தானே! 1870-களின் நடுவில் மாவட்ட ஆளுநர் இதற்கு இசைவளித்தார். அதனால் அந்த வீட்டுவகைக்கே "ஆளுநர் வீடு" என்று பெயர் வந்துவிட்டது. ஒரு சட்டச் சந்தில் நுழைந்த வீடு தொழிலாளர் பேட்டைகள் முழுவதையும் நிரப்பியது. இத்தாலியர்கள் "வகை" என்ற சொல்லுக்குத் தத்துவ நூல் எழுதுவார்கள். கோத்தன்பர்க்காரர்களிடம் வகை என்பது ஆளுநரின் கையெழுத்து.

2 பிப்ரவரி 2024

டென்மார்க் எங்கே என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். டேனிஷ்காரர்களுக்கும் தீ உண்டு. 1795 தீக்குப் பிறகு கோப்பன்ஹேகனில் தெரு முனையில் நிற்கும் வீடுகளின் மூலையைச் சாய்வாக வெட்டிக் கட்டச் சொன்னார்கள். நீண்ட ஏணியுடன் தீயணைப்பு வண்டி திரும்ப வேண்டும் என்பதற்காக. இன்றும் பழைய நகரின் முச்சந்திகளில் அந்த வெட்டு மூலைகளைப் பார்க்கலாம். கடைக்காரர்கள் பலர் வாசலை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் டேனிஷ் மரபின் நாயகன் பார்ப்பவன். கட்டடக் கலைஞர் ஸ்தேன் ஐலர் ராஸ்முசன் 1934-இல் லண்டனைப் பற்றி எழுதிய நூலில், மதிலுக்குள் அடைந்து உயர்ந்த கண்டத்து நகரத்தையும் பரந்து கிடக்கும் லண்டனையும் எதிரெதிரே வைத்தார். அமெரிக்கர் ஸ்வீடனைப் படிக்க வந்தார், டேனிஷ்காரர் லண்டனைப் படிக்கப் போனார். இந்தத் துறையில் யாரும் தம் வீட்டு வாசலில் நிற்பதில்லை போலும்.

வாசலில் நின்றவர் டேனிஷ் கட்டடக் கலைஞர் யான் கேல். கோப்பன்ஹேகனின் ஸ்த்ரொய் கடைத்தெரு 1962-இல் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கப்பட்டது. அந்தத் தெருவிலும் சுற்றுப்புறத்திலும் யார் நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எந்த இருக்கையில் எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று 1968-இல் எண்ணினார்கள். 1986-இலும் 1995-இலும் மீண்டும் எண்ணினார்கள். 1962-இல் 15,800 சதுர மீட்டராக இருந்த வண்டியில்லாப் பரப்பு 1996-இல் ஏறத்தாழ 96,000 சதுர மீட்டர். வடிவம் மாறியதையும் அதில் மனிதர் நடந்துகொண்டது மாறியதையும் ஒரே ஊரில் முப்பது ஆண்டுகள் தொடர்ந்து எண்ணிவைத்தார்கள் என்பதே இதன் மதிப்பு. அவருடைய நூல்களில் வரும் புன்னகைக்கும் படங்களை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

மாணவனாக இருந்தபோது நானும் இப்படி எண்ணியிருக்கிறேன். பிப்ரவரி மாதம், கழித்தல் 11 பாகை, மணிக்கு 15 நிமிடம், கையில் எண்ணும் பொத்தான். கையுறையோடு அழுத்தினால் பொத்தான் இரண்டாக எண்ணுகிறது. கையுறையைக் கழற்றினால் விரல் எண்ண மறுக்கிறது. அன்றைய கணக்கில் ஒரு தெருவில் நடந்தவர்களைவிட நான் எண்ணியவர்கள் அதிகம். ஆசிரியர் என் தாளைப் பார்த்துவிட்டு, உங்கள் தெருவில் குளிருக்கு மக்கள் இரட்டிப்பாகிறார்கள் போலிருக்கிறதே என்றார்.

3 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதைப் படித்தபோது டேனிஷ்காரர்கள் கால்களை மட்டுமே எண்ணுகிறார்கள் என்பதுபோல் தொனிக்கிறது. தவறு. 1987-இல் அங்கே "சேவ்" என்ற மதிப்பீட்டு முறை வந்தது. ஒவ்வொரு பழைய கட்டடத்துக்கும் கட்டடக்கலை, பண்பாட்டு வரலாறு, சூழலில் அதன் இடம், அசல்தன்மை, இன்றைய நிலை என்ற ஐந்து கோணங்களில் 1 முதல் 9 வரை எண் கொடுப்பார்கள். 1 மிக உயர்ந்தது. ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு வரைபட நூலாக வெளியிடத் தொடங்கினார்கள். ஓர் ஊரின் தெருக்கட்டு எப்படி நிலத்தோடு பொருந்துகிறது என்பதில் தொடங்கித் தனி வீட்டின் சாளரம் வரை இறங்கும் முறை அது. ஒன்பதாம் எண் வாங்கிய வீட்டுக்காரரின் முகத்தை நினைத்துப்பாருங்கள்.

10 பிப்ரவரி 2024

இப்போது ஸ்வீடனின் இரண்டாம் பாகம். இங்கேதான் கேள்வியாளரின் "கடன்" குற்றச்சாட்டு வலுவாக நிற்கிறது.

முதலில் கடன் அல்லாதது. யோகான் ரோட்பெரி 1988-இல், 1875 முதல் 1975 வரையிலான ஸ்வீடனின் நகரமைப்புக் கொள்கைகளையும் அவற்றின் அடர்த்தியையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். அடர்த்தி என்றால் மொத்தத் தளப் பரப்பை நிலப்பரப்பால் வகுப்பது. நிலத்தில் பாதியை மூடும் இரண்டு மாடி வீடுகளுக்கு அந்த எண் 1. பத்தில் ஒரு பங்கை மூடும் பத்து மாடிக் கோபுரங்களுக்கும் அதே 1. ஆகவே உயரத்தைக் காட்டி அடர்த்தி என்று விற்பது கண்கட்டு வித்தை. பின்னர் அவர் ஆண்டர்ஸ் ஃப்ரீபெரியுடன் சேர்ந்து 1996-இல் ஸ்வீடன் நகர வகைகளைத் தொகுத்தார். பிற்காலத்தில் நெதர்லாந்திலிருந்து மேத்தா பெர்க்ஹாவ்சர் பொந்த் கோத்தன்பர்க்கின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து, பெர் ஹாவ்ப்ட்டுடன் முன்பே உருவாக்கிய அடர்த்தி அளவீட்டை வளர்த்தபோது, அந்த விதை விழுவதற்கு மண் ஏற்கெனவே உழப்பட்டிருந்தது.

கடன் என்பது லண்டனிலிருந்து வந்த வெளிசார் இலக்கணம். பில் ஹில்லியரும் ஜூலியன் ஹான்சனும் 1984-இல் முன்வைத்தது: ஊரின் திறந்த வெளியை மிகக் குறைந்த, மிக நீண்ட கோடுகளால் நிரப்பு, ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோடுகளுக்குப் போக எத்தனை திருப்பம் என்று எண்ணு, திருப்பம் குறைந்த கோட்டில் மக்கள் அதிகம் நடப்பார்கள். ஸ்டாக்ஹோமின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லார்ஸ் மார்குஸ் முதலியோர் இதை எடுத்துக்கொண்டு ஒரு குறையைக் கண்டார்கள்: கோட்டில் தெரு இருக்கிறது, தெருவில் உள்ளது இல்லை. 2005-இல் அலெக்சாண்டர் ஸ்தோலே, மார்குஸ், ஆண்டர்ஸ் கார்ல்ஸ்த்ரோம் ஆகியோர் கோட்டோடு பூங்கா, கடை, குடியிருப்போர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கட்டி "இட இலக்கணம்" என்று பெயரிட்டார்கள். 2008-இல் ஸ்தோலேயின் முனைவர் ஆய்வு கேட்ட கேள்வி எனக்குப் பிடித்தது: புறநகரில் பசுமை அதிகம், ஆனால் அடர்ந்த உள்நகரத்தவர் சிலர் தமக்குப் பசுமை எளிதில் கிடைப்பதாகச் சொல்கிறார்களே, எப்படி? பரப்பைக் கூட்டிப் பார்த்தால் இது விளங்காது. வீட்டு வாசலிலிருந்து எத்தனை திருப்பத்தில் பூங்கா கண்ணுக்குப் படுகிறது என்று பார்த்தால் விளங்கும்.

இந்தக் கோடுகளை நான் கையால் வரைந்த காலம் உண்டு. கோத்தன்பர்க்கின் ஒரு குன்றுப் பேட்டை. இரண்டு வாரம் வரைந்து கணினியில் ஏற்றினால் அந்தப் பேட்டை ஊரிலேயே தனித்துவிடப்பட்ட இடம் என்று அடர்நீலத்தில் வந்தது. அதைப் பற்றி நான்கு பக்கம் சமூகவியல் எழுதினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது குன்றின் தெற்குச் சரிவில் ஒரு படிக்கட்டு இருந்தது. மளிகைப் பையுடன் ஊரே அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என் கோடுகளில் படிக்கட்டு இல்லை. ஒரே ஒரு கோட்டைச் சேர்த்ததும் பேட்டை பச்சையாகிவிட்டது, நான்கு பக்கமும் குப்பையாகிவிட்டது.

இன்னொன்று. 1968-இல் வண்டியையும் நடப்பவரையும் முழுவதும் பிரிக்கச் சொன்ன "ஸ்காஃப்ட்" போக்குவரத்து நெறிமுறை வந்தது. பத்து லட்சம் வீட்டுத் திட்டம் நடந்த 1965–1974 காலத்துப் புறநகர்கள் பலவற்றில் சாலை ஒரு பக்கம் வளைந்துபோக, நடைபாதை சுரங்கம் வழியாக வேறு பக்கம் போவதற்கு அதன் பங்கு பெரிது. அந்த நெறிமுறையை உருவாக்கிய குழு சால்மர்ஸைச் சேர்ந்தது. SCAFT என்ற பெயரில் வரும் C சால்மர்ஸின் முதலெழுத்து. இன்று அதே சால்மர்ஸின் வடிவவியல் குழுதான் அந்தப் புறநகர்களின் வலைப்பின்னல் எப்படி அறுந்து கிடக்கிறது என்று அளந்து காட்டுகிறது. தாத்தா கட்டிய முடிச்சைப் பேத்தி அவிழ்க்கிறாள்.

11 பிப்ரவரி 2024

கோடும் எண்ணுமாகவே பேசுகிறேன் என்று ஒருவர் குறைபட்டார்; நார்வேயின் கட்டடக்கலைக் கோட்பாட்டாளர் கிறிஸ்தியான் நோர்பெர்க்-ஷுல்ஸை மறந்துவிட்டேனாம். மறக்கவில்லை, தள்ளிப்போட்டேன். இடத்துக்கு ஒரு தன்மை உண்டு, அதை அளக்க முடியாது, உணர்ந்து பெயரிட வேண்டும் என்பது அவர் வாதம். இடத்தின் ஆன்மா பற்றிய அவருடைய நூலில் விரிவாக எடுத்துக்கொண்ட மூன்று நகரங்கள் பிராக், கார்ட்டூம், ரோம். ஒஸ்லோ இல்லை, பெர்கன் இல்லை. நான் முன்பே சொன்ன வாசல் விதி இங்கேயும் பொருந்துகிறது.

அதற்கு எதிர்க்குரல்போல த்ரோண்ட்ஹைமிலிருந்து 1991-இல் கார்ல் ஓத்தோ எல்லெஃப்சனும் தாக் த்வில்தேயும் "யதார்த்த நகரப் பகுப்பாய்வு" என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆன்மாவைப் பிறகு பார்ப்போம், முதலில் நகரத்தைக் கட்டப்பட்ட பொருளாகப் பிரித்து வரைவோம் என்ற மனநிலை. நார்வே நகராட்சிகளில் 1990-களில் பரவிய "இடப் பகுப்பாய்வு" அறிக்கைகளில் இந்த இரண்டு குரலும் ஒரே அட்டைக்குள் சண்டை போடுவதைப் பார்க்கலாம். முதல் பக்கத்தில் மலையின் மௌனம், மூன்றாம் பக்கத்தில் கட்டட உயரப் பட்டியல். என் வேலையில் அவ்வகை அறிக்கைகள் நிறைய என் மேசைக்கு வருகின்றன. நான் மூன்றாம் பக்கத்திலிருந்து படிப்பவன். ஆனால் டிசம்பரில் பகல் இரண்டு மணிக்கு ஒளி மூங்கெகாத்தாவின் தரையோடு தரையாகப் படுத்துக் கிடப்பதைப் பார்க்கும்போது, அளவி எதையும் காட்டாமல் கையில் இருக்கும்போது, முதல் பக்கத்தையும் எழுதியவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று தோன்றும்.

25 பிப்ரவரி 2024

பின்லாந்து. 1827-இல் துர்க்கு எரிந்தது; நார்டிக் நாடுகளின் மிகப்பெரிய நகரத் தீ. அடுத்த ஆண்டே கட்டடக் கலைஞர் கார்ல் லூத்விக் எங்கெல் அகலத் தெருக்களும் மரங்களுமாகப் புதுத் திட்டம் தந்தார். அந்த மரநகரங்களின் வரலாற்றை ஹென்ரிக் லிலியுஸ் பிற்காலத்தில் முறையாக எழுதினார். இடையில் 1898-இல் கட்டடக் கலைஞர் லார்ஸ் சோங்க் ஹெல்சின்கியின் நேர்க்கட்டத் திட்டத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்று தாக்கி, நிலத்தின் மேடுபள்ளத்தோடு வளையும் தெருவுக்காக வாதாடினார். வியன்னாவின் நகரமைப்புக் கோட்பாட்டாளர் காமில்லோ சித்தேயைப் படித்த சூடு அது.

இன்றைய பின்லாந்தின் தனி அடையாளம் 250 மீட்டர் சதுரம். நாடு முழுவதையும் 250-க்கு 250 மீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மக்கள், வேலை, வீடு எவ்வளவு என்று 1980 முதலான தரவைச் சுற்றுச்சூழல் நிறுவனம் வைத்திருக்கிறது. தெருவும் இல்லை, மனையும் இல்லை, வெறும் சதுரம். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. தெருவையே பார்க்காதவன் என்ன வடிவவியல் பேசுவான்? பிறகு புரிந்தது. தெரு எல்லையும் வார்டு எல்லையும் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும்; சதுரம் மாறாது. ஆகவே நாற்பது ஆண்டுகளில் எந்த ஊர் தன்னைத் தூக்கி நெடுஞ்சாலை ஓரத்தில் போட்டுக்கொண்டது என்பதைச் சதுரமே நேர்மையாகச் சொல்லும். அந்தச் சதுரங்களிலிருந்து நடைப்பகுதி, பொதுப்போக்குவரத்துப் பகுதி, கார்ப்பகுதி என்று நகரைப் பிரிக்கிறார்கள். இதே மூன்று நெசவுகளைக் குவோப்பியோ நகரின் திட்ட அதிகாரி லேயோ கோசொனன் தம் ஊரில் வரைந்து காட்டியிருந்தார். 2016-இல் பீட்டர் நியூமன், ஜெஃப் கென்வொர்த்தி ஆகியோருடன் சேர்ந்து அதைப் பொதுக் கோட்பாடாக வெளியிட்டார். கேள்வியாளர் கவனிக்க: இங்கே சரக்கு ஏற்றுமதியாகியிருக்கிறது.

குவோப்பியோவிலேயே இன்னொரு நயம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் போட்ட தெருக்கட்டத்தில் அகலத் தெருவுக்கு அடுத்து ஒரு குறுந்தெரு, மறுபடி அகலத் தெரு என்று மாறி மாறி வரும். குறுந்தெருவுக்கு ராண்ணிகாத்து என்று பெயர். வாய்க்கால் தெரு என்று பொருள். மழைநீர் வடியவும் தீ தாவாமலிருக்கவும் போட்டது. இன்று அவை பெரும்பாலும் நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும். கோசொனனுக்கு "நடை நகரம்" என்ற எண்ணம் புத்தகத்திலிருந்து வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அலுவலகத்துக்குப் போகும் வழியிலேயே கிடந்திருக்கிறது.

26 பிப்ரவரி 2024

ஐஸ்லாந்தை விட்டதற்கு வசவு வந்தது. நியாயமே. நகரமைப்பு பற்றி அங்கே 1916-இல் நூல் எழுதிய குத்முந்தூர் ஹன்னெசன் ஒரு மருத்துவர்; திட்டச் சட்டம் 1921-இல் வந்தது. வெளிச்சமும் காற்றும் இல்லாத வீட்டில் நோயாளியைப் பார்க்கச் சென்றவர் தெருவின் அகலத்தைக் கேட்பதில் வியப்பில்லை.

9 மார்ச் 2024

இரண்டு மாதம் எழுதியதை மொத்தமாகப் படித்தேன். ஸ்வீடனுக்கு வரைபடம், நார்வேக்குக் கரி, டென்மார்க்குக்குக் கால், பின்லாந்துக்குச் சதுரம் என்று பாகம் பிரித்துக் கொடுத்ததுபோல் அமைந்துவிட்டது. ஆள் ஒருவருக்கு ஒரு சீட்டு கொடுத்தாற்போன்ற இந்த ஒழுங்கை நானே நம்பவில்லை. பெர்கனில் இன்று வெளிசார் இலக்கணம் அக்கெலீஸ் வான் நெஸ் போன்றோரால் வலுவாகக் கற்பிக்கப்படுகிறது. ஸ்வீடனும் கால்களை எண்ணுகிறது.

என்னை உறுத்தும் வேறொன்று இருக்கிறது. கான்சனின் அடிப்படை அலகு மனை. மனைக்கு ஓர் உடைமையாளர் இருப்பார், அவர் முன்பக்கம் கட்டி, பிறகு கொல்லைப்பக்கம் நீட்டி, இடித்து, மறுபடி கட்டுவார். ஸ்டாக்ஹோம் நகராட்சியோ 1904 முதல் சுற்றியிருந்த நிலங்களைத் தானே வாங்கிக் குவித்தது. 1907 சட்டத்துக்குப் பிறகு நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விட்டது. பின்னால் எழுந்த புறநகர்களில் ஒரே மனையில் பத்துக் கட்டடம், ஒரே உரிமையாளர். அங்கே போய் மனையின் பரிணாமத்தைத் தேடினால் என்ன கிடைக்கும்? வடக்கத்தியர் கோட்டுக்கும் அடர்த்திக்கும் எண்ணிக்கைக்கும் தாவியது மோகத்தால் அல்ல, பிடித்துக்கொள்ள மனை இல்லாமல் போனதால் என்று இப்போது நினைக்கிறேன். அப்படியென்றால் கடன் வாங்கியது உண்மை. கடனுக்கான காரணம் மட்டும் உள்ளூர்.

இதற்கும் உடனே ஒரு மறுப்பு இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். சால்மர்ஸ் குழுவினர் அண்மைக் காலத்தில் மனைக்கே திரும்பி லண்டன், ஆம்ஸ்டர்டாம், ஸ்டாக்ஹோம் மனைகளின் அளவையும் தெருமுகத்தையும் ஒப்பிட்டு வகைப்படுத்தியிருக்கிறார்கள். மனை முழுவதும் சாகவில்லை.

இன்னொரு மனத்தாங்கல். இங்கே ஆய்வாளர், நகராட்சி அதிகாரி, ஆலோசகர் மூவரும் பல சமயம் ஒரே ஆள். குறைந்தது ஒரே உணவகத்தில் சாப்பிடுபவர்கள். கருவி சீக்கிரம் பயனுக்கு வருகிறது. கோசொனனும் கேலும் அதற்குச் சான்று. ஆனால் திட்டம் முடிவான பிறகு அதற்குப் பொருத்தமான நீல, சிவப்புக் கோட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கும் கூட்டத்திலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வரைபடத்தில் நன்கு இணைந்த தெரு சிவப்பு, தனித்துக் கிடப்பது நீலம். ஒரு முறை, தெருவைச் சுற்றிக் கணக்கிடும் ஆரத்தை 500 மீட்டரிலிருந்து 1000-ஆக மாற்றினால் எங்கள் தெரு சிவப்பாகுமா என்று கேட்டார்கள். ஆகும் என்றேன். மாற்றினார்கள்.

20 ஏப்ரல் 2024

ஜனவரியில் வெய்த்தாவின் அகலம் 4 மீட்டர் 10 என்று எழுதியிருந்தேன். பனி உருகிவிட்டது. நேற்று அதே சுவரில் அளவியை வைத்தேன்: 5 மீட்டர் 25. ஜனவரியில் நான் அளந்தது எதிர்ச்சுவரை அல்ல. அதன்மேல் வண்டி ஒதுக்கிவைத்திருந்த கடினப் பனியை. அந்த மூதாட்டி நேற்றும் சாளரத்தில் இருந்தார். இன்னும் வாங்கவில்லையா என்றார்.